மீட்புப் படகு வருவதற்கு முன்பு: தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் என்ன செய்கிறது?

புயலோ வெள்ளமோ வந்தால் தொலைக்காட்சியில் நமக்குத் தெரிவது ஆரஞ்சு நிற உடை போட்ட வீரர்களும் ரப்பர் படகும்தான். இடுப்பளவு தண்ணீரில் ஒரு பாட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், மாடியில் சிக்கியவர்களுக்குக் கயிறு வீசுகிறார்கள். பேரிடர் மேலாண்மை என்றால் இதுதான் என்று பலரும் நினைப்பதில் வியப்பில்லை. அந்த வீரர்கள் செய்வது உயிரைப் பணயம் வைக்கிற வேலை. ஆனால் அவர்கள் வந்து சேரும் நேரத்தில் பெரும்பாலான விஷயங்கள் முடிவாகியிருக்கும். எந்த வீடு நிற்கும், எது விழும், யாருக்குத் தகவல் முன்கூட்டியே போனது, ஒதுங்க ஓர் இடம் இருந்ததா என்பதெல்லாம் மழை தொடங்குவதற்குப் பல மாதங்களுக்கு, சில சமயம் பல வருடங்களுக்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் முக்கியமான வேலை அந்த முந்தைய காலத்தில்தான் இருக்கிறது. அது எப்படி நடக்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதைப் பார்க்கலாம்.

ஒடிசாவிலிருந்து தொடங்குவது நல்லது. 1999 அக்டோபர் 29 அன்று மணிக்கு 260 கிலோமீட்டர் வேகக் காற்றோடு ஒரு சூப்பர் புயல் பாராதீப் அருகே கரையைக் கடந்தது. கடல் ஊருக்குள் புகுந்தது. ஜகத்சிங்பூர் மாவட்டத்தில் கிராமம் கிராமமாக ஆட்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள். மொத்தம் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். புயல் வருகிறது என்று வானிலை ஆய்வு மையம் முன்பே சொல்லியிருந்தது. ஆனால் கேட்டவர்கள் எங்கே போவது? அவ்வளவு நீளமான கடற்கரைக்குப் புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் இருபது சொச்சம்தான் இருந்தன. மண் சுவர் வீட்டிலிருந்து கிளம்பி இன்னொரு மண் சுவர் வீட்டுக்குப் போய் என்ன பயன்?

அந்த அழிவு நடந்த இரண்டு மாதத்துக்குள், 1999 டிசம்பரில், பேரிடருக்கென்றே தனி அமைப்பை ஒடிசா அரசு உருவாக்கியது. இந்தியாவில் ஒரு மாநிலம் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. அப்புறம் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் அவர்கள் செய்ததெல்லாம் செய்தியில் வராத வேலைகள். கடலோரத்தில் தூண்கள்மேல் உயர்த்திய கான்கிரீட் கட்டடங்களை நூற்றுக்கணக்கில் கட்டினார்கள். சாதாரண நாளில் அது பள்ளிக்கூடம், புயல் நாளில் ஊருக்கே அடைக்கலம். ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மரம் விழுந்தால் அறுத்து வழி எடுக்க ஒரு குழு, சமையலுக்கு ஒரு குழு, கர்ப்பிணிகளையும் முதியவர்களையும் அழைத்துவர ஒரு குழு என்று பெயர் சொல்லிப் பிரித்து வைத்தார்கள். வருடா வருடம் ஒத்திகையும் நடத்தினார்கள்.

2013 அக்டோபர் 12 அன்று ஃபைலின் புயல் கோபால்பூர் அருகே கரையைக் கடந்தது. 1999 அளவுக்கு இல்லையென்றாலும் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகக் காற்று. ஒடிசாவிலும் ஆந்திரத்திலுமாகச் சுமார் பத்து லட்சம் பேரை முன்பே இடம் மாற்றியிருந்தார்கள். உயிரிழப்பு ஐம்பதுக்குள் நின்றது. 2019 மே 3 அன்று ஃபானி புரியைத் தாக்கியபோது 12 லட்சம் பேரை நகர்த்தினார்கள். 26 லட்சம் குறுஞ்செய்திகள் போயின, 43,000 தன்னார்வலர்கள் களத்தில் இருந்தார்கள். அப்போதும் அறுபத்து சொச்சம் பேர் இறந்தார்கள். அதைச் சிறிய எண்ணிக்கை என்று சொல்லக் கூடாது. ஆனால் பத்தாயிரத்திலிருந்து அறுபதுக்கு வந்திருக்கிறது. வங்காள விரிகுடா இந்த இருபது வருடத்தில் சாந்தமாகிவிடவில்லை. கரையில் இருந்தவர்களின் நிலைமைதான் மாறியிருக்கிறது.

பேரிடர் அபாயக் குறைப்பு என்று அதிகாரிகள் சொல்வதன் உள்ளடக்கம் இவ்வளவுதான். புயல், நிலநடுக்கம், பெருமழை இவையெல்லாம் இயற்கை நிகழ்வுகள். நடுக்கடலில் ஒரு புயல் தோன்றி அங்கேயே கரைந்துபோனால் அதை யாரும் பேரிடர் என்று சொல்வதில்லை. அதன் பாதையில் மனிதர்கள் இருக்க வேண்டும், அவர்களிடம் தாங்கும் சக்தி குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் அது பேரிடர் ஆகிறது. ஆகவே மூன்று கேள்விகள் வருகின்றன. என்ன வரப்போகிறது? அதன் வழியில் யார், என்னென்ன இருக்கின்றன? அவர்கள் எவ்வளவு பலவீனமாக இருக்கிறார்கள்? முதல் கேள்வியில் நம்மால் செய்ய முடிந்தது, கணிப்பது மட்டும்தான். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அரசாங்கமும் மக்களும் நிறையவே செய்யலாம். ஆற்றின் வடிகாலில் வீடு கட்ட அனுமதிக்காமல் இருப்பது இரண்டாவதைக் குறைக்கும். கட்டும் வீட்டுக்கு ஒழுங்கான கம்பி போடுவது மூன்றாவதைக் குறைக்கும்.

இந்த எண்ணம் நம் நாட்டில் வேரூன்றியது சமீபத்தில்தான். பல பத்தாண்டுகளாக மத்திய அரசில் இந்தப் பொறுப்பு வேளாண் அமைச்சகத்திடம் இருந்தது. வறட்சியும் பஞ்சமும்தான் பெரிய பேரிடர் என்று கருதிய காலத்திலிருந்து வந்த ஏற்பாடு அது. பாதிப்பு நடந்த பிறகு அரிசி, துணி, பணம் கொடுப்பதே வேலை. 2001 குடியரசு தினத்தன்று காலை குஜராத்தின் கட்ச் பகுதியை நிலநடுக்கம் சிதைத்தது. 13,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு பொறுப்பு உள்துறை அமைச்சகத்துக்கு மாறியது. குஜராத் 2003இல் தனக்கென ஒரு சட்டம் போட்டது. நாடு முழுமைக்குமான சட்டம் வருவதற்கு இன்னொரு துயரம் நடக்க வேண்டியிருந்தது.

2004 டிசம்பர் 26. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கியபோது நம் நேரப்படி காலை ஆறரை மணி. நாகப்பட்டினத்தை அலை தொட்டபோது ஏறக்குறைய ஒன்பது. நடுவில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் உள்ளே நடந்து போவதற்கு அது தாராளமான நேரம். ஆனால் இந்தியப் பெருங்கடலில் சுனாமி எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லை. சுனாமி என்ற ஒன்றை நம் மீனவக் குப்பங்களில் அநேகமாக யாரும் கேள்விப்பட்டதும் இல்லை. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் போனார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேல். அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

சரியாக ஓராண்டில், 2005 டிசம்பரில், பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிறைவேறியது. அதன் கீழ்தான் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைந்தது. அதன் தலைவர் பிரதமர். மாநிலத்தில் இதே மாதிரி ஓர் ஆணையம், அதற்கு முதலமைச்சர் தலைவர். மாவட்டத்தில் ஒன்று, அதற்கு ஆட்சியர் தலைவர். இவ்வளவு உயரத்தில் தலைமையை வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பேரிடர் என்று வந்தால் வருவாய்த் துறை, பொதுப்பணித் துறை, மின்வாரியம், சுகாதாரம், காவல்துறை எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே திசையில் நகர வேண்டும். ஒரு துறைச் செயலாளர் இன்னொரு துறைக்கு உத்தரவு போட முடியாது. பிரதமரோ முதலமைச்சரோ ஆட்சியரோதான் போட முடியும்.

ஆணையத்தின் அன்றாட வேலை என்ன? கொள்கை வகுப்பது, தேசியத் திட்டத்தைத் தயாரிப்பது, ஒவ்வொரு வகைப் பேரிடருக்கும் வழிகாட்டு நெறிமுறைகள் எழுதுவது, மாநிலங்களையும் அமைச்சகங்களையும் திட்டம் போட வைப்பது. நிலநடுக்கம், புயல், நிலச்சரிவு, வெப்ப அலை, ரசாயன விபத்து, பள்ளிப் பாதுகாப்பு என்று பல நெறிமுறைகள் வந்திருக்கின்றன. திட்டங்களை நடைமுறைப்படுத்த உள்துறைச் செயலாளர் தலைமையில் தேசிய செயற்குழு உண்டு. அதிகாரிகளுக்குப் பயிற்சியும் ஆய்வும் தருவதற்குத் தேசியப் பேரிடர் மேலாண்மை நிறுவனம் உண்டு. நாம் டிவியில் பார்க்கும் அந்த ஆரஞ்சு உடை வீரர்கள் இதே சட்டத்தின் கீழ் உருவான தேசியப் பேரிடர் மீட்புப் படை. எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை போன்ற துணை ராணுவப் படைகளிலிருந்து ஆட்களை எடுத்து, இடிபாட்டுக்குள் தேடுவதற்கும் வெள்ளத்தில் இறங்குவதற்கும் தனிப்பயிற்சி கொடுக்கிறார்கள். எட்டு பட்டாலியன்களோடு ஆரம்பித்து இப்போது பதினாறு ஆகியிருக்கிறது. நம் மாநிலத்துக்குப் பொறுப்பான நான்காவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. புயல் உருவாகிறது என்றதும் அரக்கோணத்திலிருந்து குழுக்கள் கடலூருக்கும் நாகைக்கும் கிளம்பிவிட்டன என்று செய்தி வருவது இதனால்தான். புயல் வந்த பிறகு கிளம்பினால் சாலையில் மரம் கிடக்கும்.

இந்தச் சட்டம் எவ்வளவு பலமானது என்பதை நாம் எல்லோரும் ஒரு முறை நேரடியாகவே அனுபவித்திருக்கிறோம். 2020 மார்ச் 24 அன்று நாடு தழுவிய ஊரடங்குக்கான உத்தரவு இந்தப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ்தான் வந்தது.

எச்சரிக்கை விஷயத்துக்கு வருவோம். இதில்தான் நாடு மிகவும் முன்னேறியிருக்கிறது என்பது என் கருத்து. 2007இல் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. கடலடியில் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டால் பத்து நிமிட அளவில் முதல் அறிவிப்பு வெளியாகும். கடலுக்கடியில் நீரழுத்தத்தை அளக்கும் கருவிகளும் துறைமுகங்களில் நீர்மட்டத்தை அளக்கும் கருவிகளும் அலை உண்மையிலேயே கிளம்பியதா என்று சொல்லிவிடும். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் நடுங்கியபோது எச்சரிக்கை உடனே வந்தது, கடலோரத்தில் மக்கள் விலகினார்கள். அன்று பெரிய அலை வரவில்லை. அப்படி விலகிப் போனதை வீண் அலைச்சல் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2023இல் பலருடைய கைபேசி திடீரென்று பெரிய சத்தத்தோடு அதிர்ந்து, திரையில் ஒரு சோதனைச் செய்தி வந்தது நினைவிருக்கும். பயந்துபோனவர்கள் உண்டு. சாதாரணக் குறுஞ்செய்தி ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியாகப் போக வேண்டும். லட்சக்கணக்கில் அனுப்பினால் நெரிசலில் மாட்டிக்கொள்ளும். அந்தச் சோதனையில் பயன்பட்ட முறையில், ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைபேசிகளுக்கும் செய்தி ஒரே நேரத்தில் போகும். உங்கள் எண் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து அன்றைக்குத்தான் வந்திறங்கியவருக்கும் கிடைக்கும். தவிர, சசேத் என்ற செயலியையும் ஆணையம் நடத்துகிறது. வானிலை மையம், நீர்வள ஆணையம் போன்றவை தரும் எச்சரிக்கைகள் அதில் ஊர்வாரியாக வருகின்றன.

வானிலை அறிக்கையில் வரும் நிறங்களையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். நாளைக்குப் பள்ளி விடுமுறையா என்று பார்ப்பதற்கு மட்டும் நாம் அதைப் பயன்படுத்துகிறோம். நிர்வாகத்துக்கு அதுதான் முகாமைத் திறக்கவும் படகை நகர்த்தவும் வருகிற சைகை.

அடுத்தது பணம். எந்த வெள்ளம் வந்தாலும் இதைத் தேசியப் பேரிடராக அறிவியுங்கள் என்ற குரல் எழும். 2018இல் கேரளத்துக்கும், 2023 டிசம்பரில் சென்னைக்கும் தூத்துக்குடிக்கும், 2024இல் வயநாட்டுக்கும் எழுந்தது. ஆனால் ஒரு நிகழ்வைத் தேசியப் பேரிடர் என்று அறிவிக்கும் ஏற்பாடே விதிகளில் கிடையாது. கடுமையான பேரிடர் என்று வகைப்படுத்துவது உண்டு, வயநாடு நிலச்சரிவு அப்படித்தான் வகைப்படுத்தப்பட்டது. நடைமுறை இப்படி: ஒவ்வொரு மாநிலத்திடமும் மாநிலப் பேரிடர் நிவாரண நிதி என்று ஒன்று தயாராக இருக்கும். பெரும்பாலான மாநிலங்களுக்கு அதில் 75 சதவீதம் மத்திய அரசு, 25 சதவீதம் மாநிலம் போடும். வடகிழக்கு மாநிலங்களுக்கும் இமயமலை மாநிலங்களுக்கும் 90க்கு 10. இது போதாத அளவுக்குச் சேதம் என்றால் மாநிலம் கோரிக்கை மனு அனுப்பும், மத்தியக் குழு வந்து பார்க்கும், உள்துறை அமைச்சர் தலைமையிலான உயர்நிலைக் குழு தேசிய நிதியிலிருந்து எவ்வளவு என்று முடிவு செய்யும். கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நடுவே எப்போதும் பெரிய இடைவெளி இருக்கும். அதிலிருந்துதான் அரசியல் சண்டை வருகிறது. விதிமுறைப்படி கணக்கிடும் தொகை உடனடி நிவாரணத்துக்கானது, முழு இழப்பையும் ஈடுகட்டுவதற்கானது அல்ல. இதைத் தெரிந்துகொண்டால் அந்தச் சண்டையில் யார் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது கொஞ்சம் புரியும்.

என்னைப் பொறுத்தவரை இந்தப் பகுதியில் கவனிக்க வேண்டிய மாற்றம் வேறொன்று. மத்திய வரிப் பணத்தை மாநிலங்களுக்குப் பிரிப்பது பற்றிப் பரிந்துரைக்கும் பதினைந்தாவது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரைக்கு மாநிலங்களின் பேரிடர் நிதிக்கென 1,60,153 கோடி ரூபாய் பரிந்துரைத்தபோது, அதில் 20 சதவீதத்தைத் தணிப்புக்கு என்று ஒதுக்கியது. அதாவது வெள்ளம் வந்த பிறகு கொடுக்க அல்ல, வராமல் பார்க்கவும் வந்தால் தாங்கவும் முன்கூட்டியே செலவு செய்ய. இப்படி ஒரு தனி ஒதுக்கீடு அதற்கு முன்பு இருந்ததில்லை. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையில் சென்னை மூழ்கியிருந்த வாரத்தில், சென்னைப் படுகையின் வெள்ளத் தணிப்புக்காக 561 கோடி ரூபாய்த் திட்டம், இதே போல் தணிப்புக்கென உள்ள தேசிய நிதியில் ஒப்புதல் பெற்றது. அந்த நிதியில் நகர்ப்புற வெள்ளத் தணிப்புக்கு ஒப்புதல் பெற்ற முதல் திட்டம் அதுதான். ஐந்தில் ஒரு பங்கு போதுமா? போதாது என்றுதான் நான் சொல்வேன். முன்னால் செலவிடும் ரூபாய் பின்னால் செலவிடும் ரூபாயைவிடப் பல மடங்கு வேலை செய்கிறது என்பதற்கு ஒடிசாவே சாட்சி.

ஆணையத்தின் பலவீனமும் இங்கேதான் தெரிகிறது. அது வழி சொல்லும், செய்ய வைக்கும் கை பெரும்பாலும் மாநிலத்திடமும் உள்ளாட்சியிடமும் இருக்கிறது. 2005 ஜூலை 26 அன்று மும்பையில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அதன் பிறகு, நகரத்து வெள்ளம் ஆற்று வெள்ளத்திலிருந்து வேறுபட்டது என்று சொல்லி, 2010இல் ஆணையம் தனி நெறிமுறை வெளியிட்டது. மழைநீர் வடிகாலை எப்படி அமைப்பது, ஏரி குளங்களை எப்படிக் காப்பது என்று விரிவாக எழுதியிருந்தார்கள். ஐந்தே வருடத்தில், 2015 டிசம்பரில், சென்னை அடையாற்று வெள்ளத்தில் தவித்தது. சதுப்பு நிலத்தில் கட்டடம் எழும்பினால் அதை இடிக்கச் சொல்லி டெல்லி ஆணையம் ஆள் அனுப்பாது. கட்டட அனுமதி தரும் அலுவலகத்தில் அந்த நெறிமுறையை யாராவது திறந்து பார்த்தால்தான் அதற்கு உயிர். 2025இல் சட்டத்தைத் திருத்தி, மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள பெரிய நகரங்களுக்கும் தனி நகர்ப்புறப் பேரிடர் ஆணையம் அமைக்க வழி செய்திருக்கிறார்கள். இது வெகுநாள் முன்பே வந்திருக்க வேண்டியது.

சில பேரிடர்களுக்கு நம் ஏற்பாடு இன்னும் பின்தங்கியே இருக்கிறது. புயலை நாலைந்து நாள் முன்பே கணிக்க முடிகிறது. நிலச்சரிவு அப்படியில்லை. எந்தச் சரிவு எந்த நேரத்தில் இறங்கும் என்று சொல்வது மிகவும் கடினம். 2024 ஜூலை 30 அன்று விடிவதற்கு முன்பே வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போனபோது தூக்கத்திலிருந்து எழவே பலருக்கு நேரம் இல்லை. சிக்கிமில் சவுத் லோனாக் பனிஏரி ஆபத்தானது என்று தெரிந்தே இருந்தது. அங்கே கண்காணிப்புக் கருவிகள் வைக்கும் பணி 2023 செப்டம்பரில் ஆரம்பமானது. அது முழுமையடைவதற்குள், அக்டோபர் 3 இரவு, ஏரி உடைந்து தீஸ்தா ஆற்றில் இருந்த பெரிய அணையையே கொண்டுபோனது. வெயில் இன்னொரு வகை. 2010இல் அகமதாபாத்தில் கடும் வெப்பம் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகு, அந்த நகரம் 2013இல் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை உருவாக்கியது. ஆணையம் அதை எடுத்து நாடு முழுவதற்கும் நெறிமுறையாக்கியது. ஆனால் 2024இல் நிவாரண நிதிக்குத் தகுதியான பேரிடர்களின் தேசியப் பட்டியலில் வெப்ப அலை இடம்பெற்றிருக்கவில்லை. அதனால்தான் 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தானே அதை மாநிலப் பேரிடராக அறிவிக்க வேண்டி வந்தது.

உயிரைக் காப்பாற்றினால் மட்டும் போதாது என்பதைக் கஜா காட்டியது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் அது கரையேறியபோது எச்சரிக்கை சரியாகப் போயிருந்தது, முகாம்களில் பல்லாயிரம் பேர் இருந்தார்கள். அந்த அளவில் நிர்வாகம் நன்றாகவே செய்தது. விடிந்து பார்த்தால் டெல்டாவில் தென்னந்தோப்புகள் படுத்துக்கிடந்தன. ஒரு தென்னை காய்ப்புக்கு வர ஐந்தாறு வருடம் ஆகும். உயிர் பிழைத்து வந்தவர்கள் அடுத்த ஐந்தாறு வருடம் எதை வைத்துப் பிழைப்பது என்ற கேள்விக்கு முகாமில் விடை இல்லை. பயிர்க் காப்பீடு, மாற்று வருமானம், காற்றைத் தாங்கும் மின்கம்பங்கள் என்று அபாயக் குறைப்பு நீள வேண்டிய தூரம் இன்னும் நிறைய.

உங்கள் ஊருக்கு என்று ஒரு திட்டம் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியுமா? சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பேரிடர் மேலாண்மைத் திட்டம் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பல மாவட்டங்களின் இணையதளத்தில் அதைப் பதிவிறக்கலாம். எந்தெந்தப் பகுதிகள் தண்ணீர் தேங்கும் இடங்கள், எந்தப் பள்ளி அல்லது திருமண மண்டபம் முகாமாகும், முதலில் தகவல் தர வேண்டியவர்கள் யார் என்றெல்லாம் அதில் இருக்கும். உங்கள் தெரு அதில் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். தப்பாக இருந்தாலோ விடுபட்டிருந்தாலோ கிராம சபையிலோ வார்டு கூட்டத்திலோ சொல்லலாம், கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம். மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077. இந்த இரண்டு எண்களையும் கைபேசியில் சேமித்துவிடுங்கள், வீட்டில் கைபேசி இல்லாத பெரியவர்களுக்காகக் காலண்டர் ஓரத்தில் எழுதியும் வையுங்கள்.